அந்த நீலக் கார் எந்த நாட்டுக் கார்?



போன கிழமை எபிசோட்ல புகாட்டி பற்றிக் கதைக்கத் தொடங்கிப் பத்து நிமிசத்துக்குள்ள நாங்கள் ரெண்டு பேரும் சண்டை பிடிச்சது கேட்டவைக்கு ஞாபகம் இருக்கும். "அது இத்தாலிக்காரன்ட கார்" எண்டு நான். "இல்ல, பிரெஞ்சுக் கார், மொல்ஸைம்ல செய்யிறாங்கள்" எண்டு மற்றாள். பிறகு ரெண்டு பேரும் ஃபோனை எடுத்துத் தேட, எடிட் பண்ணேக்க அந்த இடத்தை வெட்டாமலே விட்டிட்டம். அதுக்குப் பிறகு வந்த மெசேஜ்களில பாதி இதைப் பற்றித்தான்.

ஆகவே இந்தக் கிழமை மடலில் அதையே எழுதுகிறேன். என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: ரெண்டு பேரும் அரைவாசி சரி. நாங்கள் விட்ட மற்ற அரைவாசி, நான் இதை எழுதிக்கொண்டிருக்கிற பலெர்மோவில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் காரில் போய்ப் பார்க்கக்கூடிய ஒரு மலை றோட்டில் கிடக்கிறது.

புகாட்டி என்றால் உங்களுக்குத் தெரிந்தது வேரோன், ஷிரோன், டிவோ. மூன்றுமே ஆட்களின் பெயர்கள். பியர் வேரோன் 1939 இல் லெமான் 24 மணி நேர ஓட்டத்தை வென்ற இருவரில் ஒருவர். லூயி ஷிரோன் மொனாக்கோக்காரர். டிவோ? 2018 இல் அந்தப் பெயரில் வந்த கார் மொத்தம் 40 தான், ஒன்று 5 மில்லியன் யூரோ. யூரியூப்பில அதைப் பற்றி ஆயிரம் வீடியோ கிடக்கு. ஆனா அல்பேர் டிவோ எங்க வென்றதால அந்தக் காருக்கு அந்தப் பேர் வந்தது எண்டு எங்கட பெடியளிட்ட கேட்டுப் பாருங்கோ. 1928, 1929, ரெண்டு தரமும் இங்கே, பலெர்மோவுக்குப் பக்கத்து மதோனியே மலையில். அவர் ஓட்டியது புகாட்டி ரைப் 35.

முதலில் அந்தப் பந்தயம். வின்சென்சோ ஃப்ளோரியோ பலெர்மோப் பெரிய வீட்டுப் பிள்ளை. கப்பல், மர்சாலா வைன், ஃபவிஞ்ஞானாத் தீவில் சூரைமீன் என்று குடும்பத்துக்கு இல்லாத தொழில் இல்லை. அவருக்குக் காரில் பைத்தியம். 23 வயதில், 1906 மே 6ஆம் திகதி, தார்கா ஃப்ளோரியோவைத் தொடங்கினார். தார்கா என்றால் வெற்றிப் பலகை, கேடயம். போர்ஷே 911 தார்கா என்று இன்றைக்கும் விக்கிறாங்களே, அந்தப் பெயரும் இதிலிருந்து எடுத்ததுதான். முதல் வருடம் ஒரு சுற்று 148 கிலோமீற்றர், மூன்று சுற்று. வென்ற அலெஸ்ஸாந்த்ரோ காஞ்ஞோ ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டினார். பந்தயத்துக்கென்று கட்டிய தடம் இல்லை. ஆடு மாடு போகிற, கழுதை வண்டில் போகிற கிராமத்துத் தெரு.

1919 இல் சுற்றை 108 கிலோமீற்றராகக் குறைத்தார்கள். செர்தாவில் ஏறத் தொடங்கினால் கல்தவுத்தூரோ, கடல் மட்டத்தில் இருந்து 900 மீற்றருக்கு மேலே பொலிட்சி ஜெனெரோசா, அங்கிருந்து கொலெசானோ, கம்பொஃபெலிச்சே என்று இறங்கி, புவோன்ஃபோர்னெல்லோவில் கடலோரம் ஒரே ஒரு நீள நேர்றோட்டு. வளைவுகள் ஒரு சுற்றுக்கு ஆயிரத்தைத் தாண்டும். அந்த வருடம்தான் முதல் தடவையாக ஒரு பிரெஞ்சுக் கார் வென்றது. பெஜோ. ஓட்டினவர் அந்த்ரே புவாலோ. முடிவுக் கோட்டுக்குக் கிட்ட வரும்போது சனம் றோட்டுக்குள் வந்துவிட, அவர் வெட்டி, கார் சுழன்று, கோட்டைப் பின்பக்கமாகக் கடந்ததும், பிறகு திரும்பிப் போய் முன்பக்கமாகக் கடந்ததும் தனிக் கதை. நெற்ஃப்ளிக்ஸ் இன்னும் கண்டுபிடிக்கேல்ல போல.

இனி கார். ரைப் 35 முதலில் ஓடியது 1924 ஓகஸ்ட் 3, லியோன் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிறி. ஐந்து கார் இறக்கினார்கள். எட்டு சிலிண்டர், இரண்டு லீற்றர் எஞ்சின், ஏறத்தாழ 90 குதிரைவலு. பார்க்க நகை போல இருந்தது. ஓட்டம் படுதோல்வி. புதிதாகப் போட்ட ரயர்கள் ஒழுங்காகப் பதப்படாமல் கழன்று கழன்று போயின. மிஞ்சி முடித்தவற்றில் சிறந்த இடம் ஏழாவது. அதோடு மூடிவைத்திருந்தால் "அழகான ஆனால் உதவாத கார்" என்று வரலாற்றில் ஒரு அடிக்குறிப்பாகப் போயிருக்கும்.

அடுத்த வருடம் பலெர்மோவுக்கு வந்தது. 1925 தார்கா, ஐந்து சுற்று, 540 கிலோமீற்றர். பார்த்தொலோமெயோ கொஸ்தந்தினி என்ற இத்தாலியர் ஓட்டினார், முதலாம் உலகப் போரில் விமான ஓட்டியாகப் பெயர் எடுத்தவர். ஏழரை மணித்தியாலம். சராசரி வேகத்தைக் கணக்குப் போட்டால் மணிக்கு 71 கிலோமீற்றர் சொச்சம்.

இதைச் சொன்னால் சிரிக்கிறீர்கள் என்று தெரியும். விர்ஜீனியோ பக்கம் பெடியள் ஸ்கூட்டர்ல போற வேகம் இது. ஆனால் 540 கிலோமீற்றரும் கல்லும் புழுதியும், வளைவுக்கு வளைவு பிரேக், ஓட்டுபவர் மாறுவதில்லை. அந்த றோட்டில் நேராக எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பது கேள்வியே இல்லை. எத்தனை ஆயிரம் தரம் மெதுவாக்கித் திரும்ப வேகமெடுக்கலாம் என்பதுதான் கேள்வி. அதற்கு ரைப் 35 இன் பதில் எஞ்சினில் இல்லை, சில்லில் இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிக்கப் போறன், ரெக் பொட்காஸ்ட் தானே.

அந்தக் காலப் பந்தயக் கார்ச் சில்லு கம்பிச் சில்லு, பெரிய சைக்கிள் சில்லு மாதிரி. பிரேக் ட்றம் அதற்குள்ளே தனியாக இருக்கும். எத்தோரே புகாட்டி சில்லை அலுமினியத்தில் வார்த்தார், தட்டையான எட்டு ஆரைகளோடு. பிரேக் ட்றம்மையும் அதே வார்ப்பில் சேர்த்துவிட்டார். விளைவு என்ன? ஒன்று, அலுமினியம் சூட்டை விரைவாக வெளியே விடும். ஆரைகளுக்குள்ளால் காற்றும் ஓடும். மலையில் இறங்கும்போது பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போவது குறையும். இரண்டு, ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற பாரம் குறைவு. அந்தப் பாரம் கூடினால் ஒவ்வொரு குழியிலும் சில்லு துள்ளும். துள்ளுகிற நேரம் ரயர் றோட்டில் இல்லை. றோட்டில் இல்லாத ரயருக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சில்லைக் கழற்றினால் ட்றம் கூடவே வந்துவிடும், உள்ளே பிரேக் ஷூ அப்படியே கண்ணுக்குத் தெரியும். ரயர் மாற்றுகிற அதே நிமிடத்தில் பிரேக் தேய்ந்ததா என்று மெக்கானிக் பார்த்துவிடலாம். பராமரிப்பையே வடிவமைப்புக்குள் வைத்த மூளை அது. இண்டைக்கு ஃபோன் பற்றரி மாத்தவே கடைக்கு ஓடுறம்.

எஞ்சினிலும் அதே புத்தி. கிராங்கைப் போல் பெயரிங், றோலர் பெயரிங்களில் சுழலவிட்டதால் 6000 சுற்று வரை போகும், அந்தக் காலத்துக்கு அது பெரிய எண். முன் அச்சு உள்ளே வெறுமை, அதற்குள்ளால் ஸ்பிரிங் செருகியிருக்கும். இவற்றையெல்லாம் விரித்தால் இந்த மடல் முடியாது.

பிறகு வெற்றிகள் வரிசையாக வந்தன. 1926 இல் திரும்பவும் கொஸ்தந்தினி, அந்த முறை முதல் மூன்று இடமும் புகாட்டி. எஞ்சினை 2.3 லீற்றராக்கிய அந்த வகைக்கு 35ரி என்றே பெயர், அந்த ரி தார்காவின் ரி. 1927 இல் எமிலியோ மத்தெராசி. 1928, 1929 இல் டிவோ. ஐந்து வருடம் தொடர்ந்து ஒரே கார்க் குடும்பம். 1930 இல் அகில்லே வார்சி அல்ஃபா றோமியோவில் வந்து அந்த வரிசையை முறித்தார். இடையில் எத்தோரே தன் பிடிவாதம் ஒன்றையும் விடவேண்டி வந்தது. சுப்பர்சார்ஜர் என்பது குறுக்குவழி என்று நீண்ட காலம் முகம் சுளித்தவர், கடைசியில் 35சி, 35பி இரண்டிலும் பூட்டினார். தோற்கத் தொடங்கினால் கொள்கை கொஞ்சம் இளகும், அது எல்லாக் கொம்பனியிலும் நடக்கிறதுதான்.

இந்த ஐந்து வெற்றியையும் விட எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒரு ஐந்தாம் இடம்.

1928. எலிஷ்கா யூன்கோவா, செக்கோஸ்லோவாக்கியாக்காரி, வயது 27. தொழிற்சாலை அணி இல்லை. கணவர் வங்கிக்காரர், இருவரும் சொந்தக் காசில் புகாட்டி வாங்கி ஓட்டியவர்கள். ரைப் 35 இன் இன்னொரு சிறப்பு அது: தொழிற்சாலை ஓட்டுகிற பந்தயக் காரைக் காசு இருந்தால் யாரும் வாங்கலாம். மற்றக் கொம்பனிகள் தங்கள் பந்தயக் காரை ஒளித்து வைத்திருந்த காலம். 1927 தார்காவில் யூன்கோவாவின் கார் ஸ்ரியரிங் பழுதாகி நின்றது. அடுத்த வருடம் அவர் வாரக்கணக்கில் முன்கூட்டியே வந்தார். சுற்றை ஓட்டிப் பார்த்தார், இடங்களில் நடந்தும் பார்த்தார். எந்த மரம், எந்தச் சுவர், எந்தக் கல்லுக்குப் பிறகு எந்த வளைவு என்று மனதில் ஏற்றினார். சிமுலேட்டர் இல்லை, ஜீபிஎஸ் இல்லை, காதில் வளைவு சொல்லித்தர ஆளும் இல்லை. 108 கிலோமீற்றரை மனப்பாடம்.

பந்தயத்தின் இரண்டாவது சுற்றில் அவர் முதலாவதாக இருந்தார். டிவோ, கம்பாரி, ஷிரோன் எல்லாரும் பின்னால். கடைசிக் கட்டத்தில் காருக்குக் கோளாறு வந்து ஐந்தாவதாக முடித்தார். இரண்டு மாதம் கழித்து, யூலையில், ஜெர்மனியில் நூர்புர்க்ரிங் பந்தயத்தில் கணவர் சென்யெக் யூனெக் விபத்தில் இறந்தார். எலிஷ்கா அதோடு பந்தயத்தை விட்டார். 1994 வரை உயிரோடு இருந்தார். புகாட்டி தன் காருக்கு டிவோ என்று பெயர் வைத்தது. யூன்கோவா என்று இன்னும் வைக்கவில்லை. வைக்கட்டும், நாங்கள் ஒரு ஸ்பெஷல் எபிசோட் போடுறம்.

சரி, சண்டைக்கு வருவோம். எந்த நாட்டுக் கார்?

எத்தோரே 1881 இல் மிலானில் பிறந்தவர். 1909 இல் மொல்ஸைமில் தொழிற்சாலை போட்டார். அப்போது மொல்ஸைம் ஜெர்மனி. 1918 க்குப் பிறகு பிரான்ஸ். ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, நாடுதான் மாறினது. அதனால் கார் பிரெஞ்சுக் கார். அந்தக் காலத்தில் பந்தயக் காரின் நிறத்தை நாடு தீர்மானித்தது: பிரான்ஸ் நீலம், இத்தாலி சிவப்பு, ஜெர்மனி வெள்ளை, பிரித்தானியா பச்சை. ஆக மிலானில் பிறந்தவர், ஜெர்மனியில் தொடங்கிய தொழிற்சாலையில், பிரெஞ்சு நீலத்தில் செய்த காரை, கொஸ்தந்தினி என்ற இத்தாலியர், சிசிலியில் ஓட்டி வென்றார். எத்தோரே பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தது 1946 இல். அடுத்த வருடம் இறந்துபோனார். கிட்டத்தட்ட முழுத் தொழில் வாழ்க்கையையும் அவர் பிரான்சில் ஒரு வெளிநாட்டவராகவே கழித்தார், பிரான்சின் பெருமை என்று எல்லாரும் சொன்ன காரைச் செய்துகொண்டு.

இதற்கு நேரெதிராக இன்னொரு காட்சி. 1924 தார்கா. மெர்சிடிஸ் வருகிறது. போர் முடிந்து ஆறு வருடம்தான். ஜெர்மன் வெள்ளையில் வந்தால் தூரத்திலேயே தெரிந்துவிடும், மலைக் கிராமங்களில் சனம் கல்லெறியும் என்ற பயம். கார்களுக்கு இத்தாலிச் சிவப்புப் பூசிக்கொண்டு வந்தார்கள். கிறிஸ்டியன் வேர்னர் ஓட்டினார், வென்றார்.

இந்தக் கதையை முதல் தரம் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெத்தியா மூன்று வருடமும் வகுப்பில் நான் வேறு பெயரில் இருந்தேன். உச்சரிக்கக் கஷ்டம் எண்டு ரீச்சர் சுருக்கினது இல்லை, நானே சுருக்கிக் குடுத்தது. உங்களில் கனபேருக்கு அப்பிடி ஒரு பேர் இருக்கும். நான் மெர்சிடிஸைக் குறை சொல்லேல்ல. மலையில கல்லெறி வாங்கிறது யார், சிவப்புப் பூசச் சொல்லிறது யார் எண்டு பாக்கவேணும். ஆனால் அடுத்த வருடமே ஒரு நீலக் கார் அதே கிராமங்களுக்குள்ளால் நிறம் மாற்றாமல் வந்து வென்றது, ஐந்து வருடம் வந்தது. (ஓட்டுபவர் இத்தாலியர் என்பதும், பிரான்ஸ் போரில் இத்தாலியின் பக்கம் நின்ற நாடு என்பதும் உதவியிருக்கும். அதை மறைத்துக் கதை சொன்னால் நானும் பெயின்ற் அடிக்கிறேன் என்று அர்த்தம்.)

மற்றாள் எபிசோட்டில் சொன்னது: "அந்தப் பந்தயம் சிசிலியன் ஆக்களின்ட, அந்தக் கார் பிரெஞ்சுக்காரன்ட, இதில எங்களுக்கு என்ன?" நான் முழுசா மறுக்கிற இடம் இதுதான். தார்கா 1937 முதல் 1940 வரை மதோனியேயில் நடக்கவே இல்லை, பலெர்மோ நகருக்குள் ஃபாவோரித்தாப் பூங்காவில் நடந்தது. ஃபாவோரித்தா எங்க? சாந்தா ரொசாலியாவிட்ட நேத்தி வைச்சு எங்கட அம்மாமார் ஏறுற மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்குக் கீழ. சைவமோ வேதமோ எண்டு பாராமல் எங்கட சனம் ஏறுற மலை. அங்க வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கதையில் பங்கில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சட்டம் வேறு கணக்குப் பார்க்கிறது. 1992 ஆம் ஆண்டின் 91ஆம் இலக்கச் சட்டப்படி, இங்கே பிறந்த வெளிநாட்டவரின் பிள்ளை 18 வயது வரை இடைவிடாமல் இங்கேயே பதிவில் இருக்கவேண்டும், பிறகு ஒரு வருடத்துக்குள் கேட்கவேண்டும். அந்த ஒரு வருடத்தைத் தவறவிட்டால் வேறு நீளமான வழி. வெளியில் பிறந்து வந்த பெரியவர்களுக்குப் பத்து வருட வதிவு. அதை ஐந்தாகக் குறைப்போமா என்று 2025 யூன் 8, 9 இல் கேட்டார்கள். வாக்களிக்கப் போனது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, பாதிக்கு மேல் போனால்தான் செல்லும், ஆகவே செல்லவில்லை. அதே வேளை கடல் கடந்து பிறந்து பலெர்மோவை ஒரு நாளும் பார்க்காதவருக்குப் பூட்டனின் பெயரால் குடியுரிமை கிடைத்துக்கொண்டிருந்தது. 2025 இல்தான் அதைப் பெற்றோர், பேரன் பேத்தி அளவுக்குச் சுருக்கினார்கள். நான் 18 வயது வரை சொஜோர்னோவைப் புதுப்பித்துக்கொண்டு திரிந்தேன். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எல்லைக்கு மேலே போகிற ஒவ்வொரு தரமும் பஸ்ஸில் ஒரு ஆளுக்கு மட்டும் தனிக் கடதாசி. அந்தக் கடதாசி இருந்த கோப்பை அம்மா இன்னும் எறியவில்லை.

எந்த நாடு என்று ஒரு காரைக் கேட்டால், பிறந்த இடம், பூசின நிறம், ஓடிய றோட்டு மூன்றையும் பார்த்துத்தான் ரைப் 35 க்குப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்தால் கதை பொய்யாகும். லியோனில் தோற்ற காரை உலகம் திரும்பிப் பார்த்தது இந்த றோட்டில் வென்ற பிறகு. இந்த றோட்டின் பெயரில் ஒரு வகையே செய்தார்கள். பிரெஞ்சுக் கார்தான், நான் மற்றாளிட்ட மன்னிப்புக் கேக்கிறன். ஆனா பலெர்மோவை அதில இருந்து கழிச்சுக் கதைக்க விடமாட்டன்.

சின்னக் குறிப்பு: தார்காவின் பழைய பார்வையாளர் மேடைகளும் பிற் கட்டிடங்களும் செர்தா போகிற 120ஆம் இலக்க றோட்டில், ஃப்ளோரியோபொலி என்ற இடத்தில் இன்னும் நிற்கின்றன. புவோன்ஃபோர்னெல்லோவில் ஓட்டோஸ்ராடாவை விட்டு இறங்கினால் கிட்ட. வழியில் தெர்மினி இமெரேசேயில் 2011 இல் மூடின ஃபியாட் தொழிற்சாலையையும் பார்க்கலாம், அதைப் பற்றி வேறொரு நாள் கோபப்படுவோம். கொலெசானோவில் தார்காவுக்கென்று ஒரு மியூசியம் இருக்கு. செர்தாச் சந்தியில் ஆள் உயரத்துக்கு மேல ஒரு கார்ச்சோஃபி சிலை நிக்கும், அதுக்கு முன்னால நிண்டு படம் எடுத்து அனுப்பிறவைக்கு அடுத்த எபிசோட்ல பேர் சொல்லுறம். முழுப் பேர், சுருக்காமல்.

அடுத்த கிழமை: எலெக்ரிக் கார்கள் பிரேக் பிடிக்கும்போது பற்றரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புவது எப்படி, மலை இறக்கத்தில் அது உண்மையிலேயே எவ்வளவு திரும்பி வருகிறது. மற்றாள் தன்ட காரில பொலிட்சியில இருந்து கீழ இறங்கிப் பாக்கிறதா சொல்லியிருக்கிறார்.